அண்டங்காக்கையின் வருமானம்

புலி கட்டுவதே இல்லை, ஆனாலும் உடம்பெல்லாம் போட்டுக்கொண்டு திரிகிறது, இரண்டெழுத்து. வரி. ஆடிட்டர் ரத்தினவேலின் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்வதற்குள் செண்பகவடிவுக்கு இது வந்து விழுந்துவிட்டது. கூப்பிட்டா வருகிறது? அதுபாட்டுக்கு வரும். பருப்பு வேகும்போது வரும், துக்க வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது வரும், ஒரு தடவை பல் பிடுங்கும்போதே வந்து, மரத்துப்போன வாயோடு அவள் சிரித்ததில் டாக்டர் பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டார். இன்றைக்கு வந்தது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், வரிக் கணக்குக் காட்ட வந்த இடத்தில் வரியை வைத்தா விளையாடுவது? ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது, புலியும் அரசாங்கமும் ஒரே வார்த்தைக்குள் சண்டையில்லாமல் படுத்துக் கிடக்கின்றன, பாட்டுக்கும் அதில் ஓர் ஓரம் இருக்கிறது. மறப்பதற்குள் குறித்துவைக்கக் கைப்பையிலிருந்து போனை எடுக்கப் போனவள், பக்கத்தில் ஆள் இருப்பது நினைவுக்கு வந்து ஜிப்பை மறுபடி இழுத்து மூடினாள். பக்கத்தில் இருந்தது சௌந்திரபாண்டி, கோவில்பட்டி மெயின் ரோட்டில் சௌந்திரம் பெயிண்ட்ஸ் முதலாளி, அவளுக்குத் தாலி கட்டி இருபத்தாறு வருஷமான மனிதர். ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வரும் இணைப்பை நாலாக மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, அதிலிருந்த குறுக்கெழுத்துப் புதிரைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தார். அந்தப் புதிரைப் போட்டவள் அவள். அது அவருக்குத் தெரியாது. பதினாலு வருஷமாகத் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியப்போகிறது.

ஜூலை மாதத்துக் கடைசி ஞாயிறு. கணக்குக் காட்டும் கெடு முடியப்போவதால் ரத்தினவேல் லீவு நாளிலும் ஆபீசைத் திறந்து வைத்திருந்தார். உள் அறையில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் உட்கார்ந்து தன் நஷ்டத்தையெல்லாம் பெருமையாகச் சொல்வது வெளியே கேட்டது. கீழே கடலைமிட்டாய்க் கடை. வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை மாடிப்படி ஏறி வந்து, கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த ஃபைல்களைச் சுற்றி, அவள் நாக்கடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாகு பதத்துக்கு வந்துவிட்டது என்று மூக்குக்குத் தெரிந்தது. தனக்குத்தான் இன்னும் பதம் வரவில்லை. எல்லாம் வியாழக்கிழமை மத்தியானம் ரத்தினவேல் போட்ட ஒரு போனால். சாப்பிட்ட கையோடு இருந்ததால் சௌந்திரபாண்டி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கேட்டார். “அண்ணாச்சி, மதினி பேர்ல ஏதோ ஒரு வரவு நிக்கி. பெங்களூர்க் கம்பெனி ஒண்ணு வரியைப் பிடிச்சுக்கிட்டுப் பணம் போட்டிருக்கு. என்ன ஏதுன்னு கேக்கணும். கையெழுத்துக்கு வரும்போது அவங்களையும் கூட்டிட்டு வாங்க.” குடோன் அவள் பேரில் இருப்பதால் அந்த வாடகைக்காக வருஷா வருஷம் அவள் பேரிலும் ஒரு கணக்குப் போகும், அவள் கையெழுத்து மட்டும் போடுவாள். அவர் விரலை நக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. எவளோ ஒரு செண்பகவடிவோட துட்டு ஒம் பேர்ல ஏறியிருக்கும்.” எவளோ ஒரு செண்பகவடிவு. அந்தச் சொல் அன்றிலிருந்து அவள் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரசத்துக்குப் புளி கரைக்கும்போது கேட்டாள், யார் அந்த எவளோ? அவளும் இதே வீட்டில்தான் இருக்கிறாளா? எப்போது எழுந்து எப்போது தூங்குகிறாள்?

மறைக்க வேண்டும் என்று ஆரம்பித்ததில்லை, அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வாள். பேப்பரில் முன்பு புதிர் போட்டுக்கொண்டிருந்தவர் ஓய்வெடுத்துக்கொண்டார், மூன்று வாரம் அந்த இடத்தில் பல்பொடி விளம்பரம் வந்தது. மூன்று ஞாயிறும் சௌந்திரபாண்டி வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார், இட்லியில் குறை, தண்ணீரில் குறை, “ஞாயித்துக்கிழமையே உப்புச்சப்பில்லாமப் போச்சு” என்று வாசலைப் பார்த்து ஒரு பெருமூச்சு. பாவமாக இருந்தது அவளுக்கு. பாவத்தைவிட எரிச்சலாக இருந்தது. ஒரு மத்தியானம் கட்டம் வரைந்து, வார்த்தைகளைக் கோர்த்து, அனுப்பிப் பார்த்தாள். பேர் போடக் கூச்சமாக இருந்தது. ஜன்னல் கம்பியில் ஓர் அண்டங்காக்கை வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, அந்தப் பேரையே போட்டாள். அடுத்த ஞாயிறு வந்துவிட்டது. சொல்லத்தான் ஓடிவந்தாள், ஈரக்கையோடு. அதற்குள் அவர் பேப்பரை விரித்துவிட்டு, “ஏ வடிவு, புதுசா ஒருத்தன் வந்திருக்கான் பாரு. அண்டங்காக்கையாம். கிறுக்குப் பய. ஆனா கெட்டிக்காரன்” என்றார். அவள் அப்படியே திரும்பி அடுக்களைக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டுச் சிரித்தாள். அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த ஞாயிறு அவர் காக்கையைத் திட்டிய அழகைப் பார்த்ததும் அதற்கடுத்த ஞாயிறு என்று விட்டாள். ஞாயிறுகளுக்கு இப்படி ஒரு குணம், ஒன்றின் தோள்மேல் ஒன்று கையைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். மகள் பள்ளிக்கூடம் முடித்தாள், கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள், அவளுக்கும் தெரியாது. எவருக்கும் தெரியாமல் ஒரு காக்கை வாரா வாரம் பறந்துபோய் இருநூற்றைம்பது ரூபாயைக் கொத்திக்கொண்டு வந்தது, அந்தப் பணம் அவள் கணக்கில் சத்தமில்லாமல் முட்டையிட்டது. அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. போன வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு செல்போன் விளையாட்டுக் கம்பெனி பழைய புதிர்களையெல்லாம் மொத்தமாகக் கேட்டது, கொடுத்தாள், அவர்கள் ஒழுங்கானவர்கள், வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பி, அரசாங்கத்திடமும் சொல்லிவிட்டார்கள். ஒழுங்கானவர்களால்தான் உலகத்தில் பாதிச் சிக்கல்.

“இடமிருந்து வலம் ஏழு” என்றார் அவர் திடீரென்று. அவள் முதுகு நிமிர்ந்தது. “‘ஏகப்பட்ட உறைப்பாம், ஆனாலும் இனிக்கும்.’ அஞ்செழுத்து. உறைக்குமாம், இனிக்குமாம். மூளை இருக்கா இவனுக்கு?” என்ன உறைக்கிறது, என்ன இனிக்கிறது, அவளுக்குத் தெரியாதா, போன மாதம் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது கையெல்லாம் மாவோடு வந்த குறிப்பல்லவா அது. “இஞ்சிமுரப்பாவா இருக்குமோ?” என்று அப்பாவியாகக் கேட்டாள். அவர் விரல்விட்டு எண்ணினார். “அது ஏழு. எழுத்து எண்ணத் தெரியாமப் பேசாத.” சரி, என்றாள். எழுத்து எண்ணத் தெரியாது. குளிக்கும்போது சோப்பு டப்பாவில் இருக்கிற பேரை எண்ணுகிறவள், பஸ் போர்டுகளை எண்ணுகிறவள், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பையன் பேர் எட்டெழுத்து, ரெட்டைப்படை, கட்டத்துக்கு வசதி என்று நினைத்தவள். அவருக்கு உதவியென்று கேட்கத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் இப்படிக் குறிப்பைச் சத்தமாகப் படித்துக்காட்டி அவளைத் திட்டுவார், அவள் ஒரு தப்பான பதில் சொல்வாள், அவர் அதைத் திருத்துகிற சாக்கில் சரியான பதிலின் பக்கம் ஓரடி நகர்வார், அப்புறம் அவள் இன்னொரு தப்பு சொல்வாள். தப்புச் சொல்வது ஒரு கலை, எந்தத் தப்பு எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரிந்து சொல்ல வேண்டும். கடை, சரக்கு, கடன்காரன், பிரஷர் மாத்திரை, இதெல்லாம் வாரத்தின் ஆறு நாள் பேச்சு. ஏழாம் நாள் பேச்சு இது ஒன்றுதான். தெரிந்துவிட்டால்? தெரிந்த பிறகு யார் யாரிடம் கேட்பது? புதிர் போட்டவளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த மனிதன் புதிர் அவிழ்ப்பான்? கடைத்தெருவில் சீட்டு விளையாடுகிறவர்கள்கூடக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து விளையாட மாட்டார்கள்.

அது மட்டுமில்லை, அண்டங்காக்கையின் கதி என்ன ஆகும்? அவருக்குக் காக்கை ஓர் ஆள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ரிட்டயரான தமிழ் வாத்தியார் என்று தீர்மானமே பண்ணிவைத்திருந்தார். மூக்குப்பொடி உண்டு. தனிக்கட்டை. “பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா இப்படிக் கோணல்மாணலா யோசிக்க நேரம் கெடைக்குமா?” என்று ஒரு நாள் அவளிடமே கேட்டார், அவள் ஆமாமா என்று தலையாட்டினாள். உதவியின் தலையைச் சீவி வேறு தலை வைத்தால் நாற்காலி கிடைக்கும் என்று ஒரு வாரம் போட்டிருந்தாள். பதவி என்பது விடை. அவர் ஒரு பகல் பூராவும் முக்காலி, ஸ்டூல், பெஞ்சு என்று மரச்சாமான் கடை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுவாரம் விடையைப் பார்த்ததும், “இந்தக் காக்காயப் பிடிச்சு ரெக்கையப் பிய்க்கணும்” என்று கத்தினார், கத்திவிட்டு, கடையில் வருகிற ஆளுக்கெல்லாம் அந்தப் புதிரைப் போட்டுக் காட்டினார். பெயிண்ட் வாங்க வந்தவர்கள் உதவியின் தலையைச் சீவ முடியாமல் டர்பன்டைன் டப்பாவோடு முழித்துக்கொண்டு நிற்பதைக் கல்லாவிலிருந்து அவளே பார்த்தாள். அவருக்கு நண்பர்கள் அதிகமில்லை. உள்ளதில் நெருங்கினவன் காக்கைதான். அவனை இன்றைக்கு இந்த ஆபீசில் வைத்துக் கொன்றுவிடப் போகிறாள், உள்ளே போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மூக்குப்பொடி, தனிக்கட்டை எல்லாம் காலி. கொலைக்கு என்ன தண்டனையோ, வரிக்கு என்ன தண்டனையோ. டிவியில் காட்டுவார்கள், வரி அதிகாரிகள் வெள்ளைக் காரில் வருவார்கள், கதவைத் தட்டுவார்கள். அரிசி டிரம்முக்குள் கையை விட்டால் ஓர் அகராதி. பரணில் துணி மூட்டைக்குள் இன்னொன்று. எத்தனை நாளா நடக்கு இது? பதினாலு வருஷம் சார். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்ப்பார்கள், வாசலில் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மூச்சுவிடாமல் சொல்வார், கோவில்பட்டியில் பெயிண்ட் வியாபாரி வீட்டில் கணக்கில் வராத சொற்கள் சிக்கின. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே பயமும். ரெண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன போலிருக்கிறது, பயமும் சிரிப்பும், ஒரே கட்டத்தில் குறுக்கேயும் நெடுக்கேயும் எழுதின மாதிரி.

“ஏகப்பட்டன்னா என்னத்தச் சொல்லுதான்?” என்றார் அவர். கண் இன்னும் ஏழிலேயே நின்றது. “நெறைய” என்றாள். “நெறைய உறைப்பு. மொளகா மண்டியா?” தீப்பெட்டிக்காரர் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது, கிளம்பப்போகிறார். பொய் ஒன்று தயாராகவே இருந்தது. அண்ணன் மகன் பெங்களூரில் இருக்கிறான், அவன் கம்பெனியிலிருந்து ஏதோ என் நம்பரைக் கொடுத்துவிட்டான் என்று சொல்லிவிடலாம், அண்ணன் மகனுக்குப் போனிலேயே சொல்லிவைத்தால் முடிந்தது. மூன்று நாளாக அந்தப் பொய்யைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். ஆனாலும் ஒரு சங்கடம். போனில் அந்தக் கம்பெனி அனுப்பியிருந்ததில் ஒரு வார்த்தை இருந்தது, தொழில்முறைக் கட்டணம் என்று. தொழில். அவளுடைய தொழில். கல்யாணப் பத்திரிகையில், ரேஷன் கார்டில், ஆஸ்பத்திரிச் சீட்டில், எங்கேயும் அவள் பேருக்கு நேரே அந்த வார்த்தை வந்ததில்லை. எவ்வளவோ வார்த்தைகளுக்குக் கட்டம் போட்டுக்கொடுத்தவளுக்கு ஒரு கட்டத்தில் வந்து உட்கார்ந்த முதல் வார்த்தை அது. ஊரில் ஒருவருக்கும் தெரியாத விஷயத்தை, எங்கேயோ டெல்லியில் இருக்கிற அரசாங்கம் கண்டுபிடித்துவிட்டது, பக்கத்தில் படுத்திருக்கிற மனிதருக்கு முன்னால். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் தண்டனைக்குப் பயந்த வெட்கமில்லை, பெண் பார்க்க வந்தபோது வந்த வெட்கம் மாதிரி ஒன்று. குடோனுக்குள் மழைத்தண்ணீர் புகுந்த வருஷம் நினைவுக்கு வந்தது. டிஸ்டெம்பர் மூட்டையெல்லாம் கல்லாகி, எனாமல் டப்பாக்கள் வெள்ளத்தில் மிதந்து, அவர் முகத்தில் ஒரு மாதம் ஈயாடவில்லை. அப்போது அவள் புதிரை இளக்கினாள். விடையாக மஞ்சள் போட்டாள், காவி போட்டாள், வார்னிஷ்கூடப் போட்டாள், சின்னப் பிள்ளைகள் போடுகிற மாதிரி குறிப்பு எழுதினாள். நாலு ஞாயிறு தொடர்ந்து அவர் கட்டம் பூராவையும் நிரப்பினார், நிரப்பிவிட்டு எழுந்து குளித்துக் கடைக்குப் போனார். ‘அண்டங்காக்கைக்கு வயதாகிவிட்டது’ என்று வாசகர்கள் பத்திரிகைக்கு எழுதினார்கள். ஆகட்டும் என்று விட்டாள்.

“பல” என்றார் அவர். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். “நெறையன்னா பல. பல... பல உறைப்பு... பல காரம். பலகாரம்! அடேய் காக்கா!” தொடையில் ஓங்கி ஓர் அடி, கீழே விழுந்த இணைப்புத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார், டைப் அடித்துக்கொண்டிருந்த ஆபீஸ் பெண் ஜெபமலர் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஐம்பத்திரண்டு வயசுக்காரர் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். இந்த முகத்தை அவள் பதினாலு வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள், இதற்காகத்தான் பதினாலு வருஷம். இதைக் கெடுத்துக்கொள்ள ஒரு பைத்தியக்காரிக்குத்தான் மனசு வரும். பொய்யைத்தான் சொல்ல வேண்டும், அண்ணன் மகனே கதி என்று முடிவுகட்டி எழுந்தாள். “சௌந்திரம் பெயிண்ட்ஸ், உள்ள வாங்க” என்று ஜெபமலர் கூப்பிட்டாள்.

ரத்தினவேல் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்தார். கடை விஷயமெல்லாம் சீக்கிரம் முடிந்தது. அப்புறம் கம்ப்யூட்டரை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

“மதினி, இந்தாருங்க. முப்பத்தாறாயிரம் குடுத்து, அதுல பத்து சதவீதம் பிடிச்சிருக்கான். இது உங்களோடதா, இல்ல நம்பர் மாறி வந்துட்டதா?”

“மாறித்தான் வந்திருக்கும்” என்றார் சௌந்திரபாண்டி. “அவளுக்கு யாரு குடுப்பா முப்பத்தாறாயிரம்?”

“அப்படின்னா கஷ்டமில்ல. ‘இது என்னுடையது இல்லை’ன்னு இங்க ஒரு இடம் இருக்கு. அதை அமுக்கிட்டாப் போதும், அவங்க பாத்துக்கிடுவாங்க.” ரத்தினவேலின் விரல் சுட்டியின் மேல் வந்து உட்கார்ந்தது. திரையில் சின்ன அம்பு நகர்ந்து நகர்ந்து அந்த வாக்கியத்தின் மேல் போய் நின்றது. அவள் தேய்த்து வைத்திருந்த பொய்க்கு வேலையே இல்லாமல் போயிற்று. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அண்ணன் மகன்கூட வேண்டாம். எவ்வளவு சுலபம். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிரீச்சென்றது. இது என்னுடையது இல்லை. எண்ணிப் பார்த்தாள், இது, இரண்டு, என்னுடையது, ஆறு, இல்லை, மூன்று. முறுக்கு மாவோடு வந்த பலகாரம் என்னுடையது இல்லை. தலை சீவின உதவி என்னுடையது இல்லை. மஞ்சளும் காவியும் வார்னிஷும் என்னுடையது இல்லை. எவளோ ஒரு செண்பகவடிவு, ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்து இவளைப் பார்த்தாள்.

“அமுக்காதீங்க” என்றாள். குரல் தேவைக்கு அதிகமாக வந்துவிட்டது. “என்னோடதுதான்.”

சௌந்திரபாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தார். “என்னளா சொல்லுத?”

“எனக்கு வந்ததுதான். குறுக்கெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”

“எந்தக் குறுக்கெழுத்து?”

அவர் மடியில் கிடந்த இணைப்பை விரலால் காட்டினாள். அவர் குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி குனிந்து, கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த பேரை, முதல் தடவை படிக்கிற மாதிரி உதட்டை அசைத்துப் படித்தார்.

“காக்காயா?”

“ம்.”

ரத்தினவேலுக்கு இவர்களுக்குள் என்ன நடக்கிறதென்று விளங்கவில்லை. அவருக்குக் கெடு நெருக்குகிறது. “புதிர் போட்டாத் துட்டு குடுக்காங்களா, பரவாயில்லையே” என்றபடி தட்டினார். பத்திரிகைப் பணம் எவ்வளவு என்று கேட்டு அதையும் சேர்த்தார். முந்தின வருஷங்களுக்கு என்ன பண்ணுவார்கள் என்று அவள் கேட்டாள். “குடோன் வாடகையோட எல்லாத்தையும் கூட்டினாலும் வரி கட்டுற உயரத்துக்கு நீங்க வரல, மதினி. பயப்படாதீங்க. இனிமே வருஷா வருஷம் சேத்துக் காட்டிருவோம். இந்தப் பிடிச்ச மூவாயிரத்து அறுநூறும் உங்களுக்குத் திரும்ப வந்துரும்.” திரும்ப வருமா? அரசாங்கம் தருமா? வெள்ளைக் கார், பரண், அரிசி டிரம் எல்லாம் ஒரு நொடியில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன, அவளுக்கு லேசாக ஏமாற்றமாகக்கூட இருந்தது. “என்ன தொழில்னு போடணும். இதுல புதிருக்கு ஒரு தலைப்பும் இல்ல” என்று ரத்தினவேல் கீழே கீழே உருட்டிக்கொண்டே போனார், டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், பாட்டுக்காரர்கள், எல்லாரும் ஓடினார்கள். “‘வேறெங்கும் சேராத தொழில்கள்’ன்னு ஒண்ணு இருக்கு, போட்டிரவா?” வேறெங்கும் சேராதது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. “செலவு ஏதாச்சும் கழிக்கணுமா? பேப்பர், பேனா, இன்டர்நெட்டு?”

சௌந்திரபாண்டி தொண்டையைச் செருமினார். “பதினாலு வருஷத்து ஞாயித்துக்கிழம. என்னோடது. அதைக் கழிக்க முடியுமான்னு பாருங்க.”

கோபமா, கேலியா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பட்டி பூசித் தேய்த்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி வழுவழுவென்று இருந்தது. கையெழுத்துப் போட்டாள். படியிறங்கும்போது அவர் முன்னால் போனார். பின்னங்கழுத்து மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கழுத்தைப் படித்துப் படித்துக் கோபம் என்றால் காதுமடல் சிவக்கும், சிரிப்பென்றால் தோள் குலுங்கும் என்று தெரியும், இன்றைக்கு இரண்டும் இல்லை, வெற்றுக் கட்டம். ஒவ்வொரு படிக்கும் ஒரு நினைப்பு வந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை பேப்பரே வேண்டாம் என்று நிறுத்திவிடுவார். இல்லை, பேப்பர் வரும், இணைப்பை எடுத்துக் கடையில் பொட்டலம் கட்டுவார். இல்லை, எல்லாரிடமும் சொல்வார், அல்லது ஒருவரிடமும் சொல்ல மாட்டார், எதில் எது மோசம்? பாகு வாசனை கீழே இறங்க இறங்கக் கெட்டியானது. என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும், அமுக்கட்டும் என்று விட்டிருக்கலாம். விட்டிருக்கலாமா? அதுவும் முடியவில்லை, அந்த நினைப்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது, உள்ளே எங்கேயோ ஓர் இடம் கழுவிவிட்ட முற்றம் மாதிரி குளிர்ந்து கிடந்தது. கடைசிப் படியில் அவர் நின்றார்.

“குடோன்ல தண்ணி புகுந்த வருஷம்” என்றார், திரும்பாமலே. “நாலு வாரம் வரிசையா முழுசா முடிச்சேன்.”

“ஆமா.”

“எனக்கு அறிவு வளந்துட்டுன்னுல்ல நெனச்சேன்.”

“வளந்துச்சுதான்” என்றாள் செண்பகவடிவு.

தோள் குலுங்கியது. முதலில் லேசாக, அப்புறம் அடக்க முடியாமல், அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வர, “ஸ்ரீவில்லிபுத்தூரு! மூக்குப்பொடி!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடலைமிட்டாய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவரிடம் கால் கிலோ சூடாக வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து முதல் வில்லையை அவளிடம் நீட்டினார். ஒரு புதிருக்கு எவ்வளவு என்று கேட்டார். இருநூற்றைம்பது என்றதும் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவருக்கு. “என்னைய ஒரு நாள் பூராக் கொல்லுததுக்கு இருநூத்தம்பதுதானா? ஒரு லிட்டர் எனாமலுக்குக் காணாதே. கூட்டிக் கேளு.” கேட்கிறேன் என்றாள். பல்லில் ஒட்டிய பாகை நாக்கால் தள்ளிக்கொண்டே இருவரும் பைக் அருகே நின்றார்கள். மெயின் ரோடு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காலாட்டிக்கொண்டு படுத்திருந்தது. அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நின்றார், வானத்தைப் பார்த்தார், விரலை மடக்கினார், நீட்டினார்.

“நானும் ஒண்ணு போடுதேன். சொல்லு பாப்போம்.”

“போடுங்க.”

“வீட்டுக்குள்ளயேதான் இருக்கும். தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருப்போம். ஆனா பாத்ததே கெடையாது. மூணெழுத்து.”

காற்று, இல்லை, அதைத் தினமும் பார்ப்பதில்லை. முகம், அது வீட்டுக்குள்ளேயே இருக்காது. நிழல், கதவு, என்று அவள் மனசு வழக்கமான சந்துகளிலெல்லாம் புகுந்து வந்தது. குறிப்புக்குள் ஒளித்துவைத்த வார்த்தை ஏதும் இல்லை, எதையும் வெட்டவில்லை, திருப்பவில்லை, தச்சு வேலை தெரியாத புது ஆள் செய்த முக்காலி மாதிரி நேராக நின்றது. பிறகு சட்டென்று விடை வந்தது. மூன்றெழுத்துத்தான், எண்ணத் தேவையே இல்லை. இந்த மனிதருக்கு இப்படியெல்லாம் சொல்ல வருமா? மிட்டாயை விழுங்கிவிட்டு, ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“மனைவியா?”

அவர் கண்ணை அகல விரித்தார். “சுவரு, வடிவு! சுவர்! நம்ம முன்னறைச் சுவர் என்ன கலரு? சொல்லு.”

க்ரீம் என்று ஆரம்பித்தாள், இல்லை, சந்தனம், இல்லை. பெயிண்ட் வியாபாரியின் பெண்சாதி, நாலு சுவருக்குள் இத்தனை வருஷம் இருந்தவள், நடுரோட்டில் முழித்தாள்.

“பிஸ்தாப் பச்ச! கூடவே நின்னு ரெண்டு கோட்டு அடிச்சது நான். பாத்தியா, பாத்ததே கெடையாது!” ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவர் வண்டியின் சீட்டில் ஓங்கித் தட்டினார்.

அவளும் சிரித்துவிட்டாள். பிறகு தலையை ஆட்டினாள். “இது செல்லாது. ஒரு குறிப்புக்கு ஒரு விடைதான் வரணும். எங்க தொழில்ல அதுதான் மொத விதி. நீங்க போட்டதுக்கு ரெண்டு விடை வருது.”

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். அவள் ஏறி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொள்கிற வரைக்கும் காத்திருந்தார்.

“வந்தா வரட்டுமே” என்றார்.